உங்களுக்குத் தெரியுமா? பாக்குவெட்டி இல்லை, காயடிக்கும் கருவி!

1840ஆம் ஆண்டு. லண்டன் பாலத்தடியில், தேம்ஸ் ஆற்றிலிருந்து ஒரு வெண்கல இடுக்கி கிடைத்தது. பார்த்தால் பெரிய பாக்குவெட்டி! இரண்டு கை, உட்புறம் முழுக்க ரம்பப் பல். எதற்கு என்கிறீர்கள்? காயடிப்பதற்கு! ரோமானியர் லண்டனை ஆண்ட காலத்துக் கருவி!

அதன் உடம்பெங்கும் தெய்வங்கள்! மொத்தம் எட்டு முகங்கள் வரிசையாக. அவற்றில் ஏழு யார் தெரியுமா? சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி! உங்கள் வீட்டுத் தினக்காலண்டரில் இருக்கும் அதே ஏழு பேர், அதே ஏழு கிழமை!

எட்டாவது முகம் விளைச்சலுக்கு உரிய சீரிஸ் தேவி. இவர்களுக்கு மேலே சிபெலி என்ற பெருந்தாய்த் தெய்வமும் அவள் காதலன் ஆட்டிசும். போதாதென்று குதிரை, காளை, சிங்கத் தலைகள். இத்தனையும் ஒரு முழம்கூட இல்லாத ஒரு கருவியில்!

ஆட்டிஸ் யார்? பைன் மரத்தடியில் தன்னைத் தானே காயடித்துக்கொண்டவன்! சிபெலியின் பூசாரிகளும் அப்படியே செய்துகொண்டார்கள். ரோமில் அவர்கள் சடங்குக்கு நாளே குறித்திருந்தார்கள். மார்ச் 24. அந்த நாளுக்குப் பெயர் 'இரத்த நாள்'!

1926இல் ஏ.ஜி. பிரான்சிஸ் என்பவர் லண்டன் ராயல் மருத்துவக் கழகத்தின் இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். தலைப்பிலேயே 'காயடி இடுக்கி' என்று போட்டுவிட்டார். கருவி ஆற்றை விட்டு வெளியே வந்து அப்போது 86 ஆண்டுகள்!

இப்போது அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டன் போனால் தவற விடாதீர்கள். உலகத்துக் காயடி கருவிகளிலேயே அழகி இவள்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை!

பெயருக்குள்ளேயே கருவி!

'காயடித்தல்' என்கிறோமே, அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். காய், அடித்தல். அறுத்தல் இல்லை, அடித்தல்! மாட்டைக் கட்டிச் சாய்த்து, விதைப்பையின் கழுத்தை இரண்டு கட்டைகளுக்கு நடுவே கிட்டி போட்டு இறுக்கி, கல்லாலோ மரச் சுத்தியாலோ தட்டுவார்கள். கருவியே சொல்லாகிவிட்டது!

யாழ்ப்பாணத்துப் பக்கம் போனால் இதே வேலைக்கு 'நலமடித்தல்' என்று பெயர். அங்கும் அடிதான்!

பைபிளைத் திறங்கள். லேவியராகமம், 22ஆம் அதிகாரம், 24ஆம் வசனம். பலிக்கு ஆகாத விலங்குகளின் பட்டியல் அது. விதை நசுங்கியது, நொறுங்கியது, பிய்ந்தது, அறுபட்டது. நான்கே சொல்! அருங்காட்சியகத்திலும் பழைய பொருள் கடையிலும் நீங்கள் பார்க்கப் போகும் காயடி கருவிகளில் பெரும்பாலானவை இந்த நான்குக்குள் அடங்கிவிடும்!

பெருங்காயச் செடியின் சொந்தம்!

கார்த்தேஜ் நகரத்தை ரோமானியர் தரைமட்டமாக்கியது கி.மு. 146இல். ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் எழுதிய விவசாய நூலை மட்டும் லத்தீனில் மொழிபெயர்க்கச் சொல்லி ரோமானிய செனட் சபையே உத்தரவு போட்டது! அவர் பெயர் மாகோ. நூலின் அளவு, 28 பகுதிகள்!

அந்த மாகோ கன்றுக்குக் காயடிக்க என்ன கருவி சொன்னார் தெரியுமா? இரும்பு வேண்டாம் என்றார். ஒரு செடியின் தண்டைப் பிளந்து, அதன் நடுவே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கச் சொன்னார்! கொலுமெல்லா என்ற ரோமானிய எழுத்தாளர் கி.பி. முதல் நூற்றாண்டில் இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

எந்தச் செடி? ஃபெருலா! நம் சாம்பாரில் போடும் பெருங்காயமும் ஒரு ஃபெருலா செடியின் பால்தான்! இந்த உறவை நீங்கள் வேறெங்கும் படித்திருக்க மாட்டீர்கள்!

சிக்கல் ஒன்றுதான். செடித் தண்டு மக்கிப் போகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உழவர் கையில் இருந்திருக்கக்கூடிய கருவி, தோண்டினால் ஒன்றுகூடக் கிடைக்காது!

அரிஸ்டாட்டில் சேவலைப் பற்றிச் சொல்கிறார். வால் பக்கத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இரண்டு மூன்று இடத்தில் சுட்டால் போதுமாம். கொண்டை மஞ்சளாகும், கூவுவதும் நின்றுவிடும்! எழுதியது கி.மு. 4ஆம் நூற்றாண்டில்!

அதே அரிஸ்டாட்டில் இன்னொன்றும் சொல்கிறார். போருக்கு வேண்டிய பெண் ஒட்டகங்களுக்கும் கருவுறாதபடி அறுவை செய்தார்களாம்! பெண் ஒட்டகத்துக்கு! 2,300 ஆண்டுகளுக்கு முன்னால்!

ஆல்டாய் மலையில் பசிரிக் என்ற இடம். அங்கே பழங்காலத் தலைவர்களோடு புதைத்த குதிரைகள் தோலும் முடியுமாகப் பனியில் உறைந்து கிடைத்தன. ஆராய்ந்து பார்த்தால் அவை காயடித்த குதிரைகள்! வயது 2,000 ஆண்டுக்கும் மேல்!

வாயைப் பாருங்கள்!

பழைய இரும்பு ஒன்று கையில் கிடைத்துவிட்டது. காயடி கருவியா, வேறு ஏதாவதா? பிடியைப் பார்க்காதீர்கள். வாயைப் பாருங்கள்! கருவியின் வாய் பொய் சொல்லாது!

வாய் நுனியில் இரண்டு உருண்டைக் குண்டுகள் எதிரெதிராக இருக்கின்றனவா? அது காயடிக்க இல்லை. காளையின் மூக்கைப் பிடிக்க!

வாய்க்குள் ஊசி ஊசியாக எண்களா? காதில் பச்சை குத்தும் குறடு. முக்கோண வெட்டா? காது மடலில் அடையாளம் வெட்டும் குறடு!

மரக்கைப்பிடி, நுனியில் கயிற்று வளையமா? குதிரையின் மேலுதட்டை முறுக்கிப் பிடிக்கும் கோல். இதையும் காயடி கருவி என்று விற்பவர்கள் உண்டு. ஏமாறாதீர்கள்!

பித்தளை உறைக்குள் மடங்கும் கத்தி, அலகின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு முக்கோண மூக்கு. இதுவும் காயடிக் கத்தி இல்லை. மாட்டுக்கும் குதிரைக்கும் இரத்தம் வடிக்கும் கத்தி! ஒரு குட்டைத் தடியால் அதன் முதுகில் ஒரு தட்டு. அவ்வளவுதான், இரத்தநாளம் திறந்துவிடும்!

அப்படியானால் எதுதான் காயடிக் கத்தி? ஆச்சரியப்படாதீர்கள். ஒருவேளை உங்கள் சட்டைப் பையில் இருக்கலாம்! அமெரிக்க 'ஸ்டாக்மேன்' மடக்குக் கத்தியில் மூன்று அலகு. அதில் ஒன்றின் முனை மட்டும் கூர் இல்லாமல் மழுங்கி, வளைந்து இருக்கும். அதுதான் 'ஸ்பே' அலகு! விலங்கு துள்ளினாலும் முனை குத்திவிடக் கூடாது என்பதற்காக அந்த மழுங்கல். பழைய கத்திகள் பலவற்றில் அந்த அலகின் மேலேயே 'சதைக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள்!

ஒரு வாயில் இரண்டு வேலை! ஒரு பக்கம் அகலமாக, மொண்ணையாக நசுக்கும் தாடை. ஒட்டினாற்போல் மறுபக்கம் வெட்டும் அலகு. இப்படி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள், 'எமாஸ்குலேட்டர்'! நசுக்கி இரத்தத்தை அடைத்துக்கொண்டே வெட்டும். குதிரை மருத்துவர்களின் செல்லக் கருவி.

இதைத் தலைகீழாகப் பிடித்தால் விபரீதம். வெட்டும் அலகு உடம்புப் பக்கம் போய்விடும், இரத்தம் நிற்காது! அதனால் மருத்துவ மாணவர்களுக்கு ஒரே ஒரு விதி. கருவியின் திருகாணியில் இருக்கும் 'நட்டு' எப்போதும் விதையைப் பார்த்து இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் விதைக்கும் வழக்குச் சொல் 'நட்'தான். ஆகவே விதி, 'நட்டுக்கு நட்டு'! நாம் 'காய்' என்கிறோம், அவர்கள் 'கொட்டை' என்கிறார்கள். மரத்தை மறக்கவில்லை ஒருவரும்!

நீளக் குழாய், ஒரு முனையில் சைக்கிள் செயின் மாதிரி ஒரு சங்கிலி வளையம், மறுமுனையில் திருகும் கைப்பிடி. இது என்ன? 'எக்ரேசர்'! பாரிஸ் அறுவை மருத்துவர் எட்வார் ஷசென்யாக் உருவாக்கியது. மனிதருக்கு! மூலத்தையும் கட்டியையும் சங்கிலி போட்டு இறுக்கி எடுக்க! 1856இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். பிறகு கால்நடை மருத்துவர்கள் அதை அப்படியே வாங்கிக் குதிரைக்குப் போட்டுவிட்டார்கள்!

இரண்டு அரைவட்ட மரத்துண்டுகள், ஒரு முனையில் கயிற்றுக் கட்டு, உட்புறம் ஒரு பள்ளம். விறகு என்று அடுப்பில் வைத்துவிடாதீர்கள்! ஐரோப்பாவில் குதிரைக்குப் போட்ட மர இடுக்கி அது. எல்டர் மரக்கிளைதான் இதற்கு ராசி. ஏன்? நடுவில் இருக்கும் சோற்றைத் தோண்டிவிட்டு இரண்டாகப் பிளந்தால், பள்ளம் தானாகவே கிடைத்துவிடும்!

அந்தப் பள்ளத்தில் என்ன அடைத்தார்கள்? மயில்துத்தம்! சில சமயம் வீரம்! ஆமாம், நம் சித்த வைத்தியப் பெட்டியில் இருக்கும் அதே வீரம், கொடும் நஞ்சு! பழைய மர இடுக்கியின் பள்ளத்தில் வெள்ளையாகவோ நீலமாகவோ படிந்திருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள். உடனே கையைக் கழுவுங்கள்!

அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால் முத்திரையைத் தேடுங்கள். 'ஆர்னால்ட் அண்ட் சன்ஸ்' என்று இருந்தால் லண்டன் ஸ்மித்ஃபீல்ட். கால்நடைச் சந்தையின் வாசலிலேயே கருவிக் கடை! 'ஹாப்ட்னர்' என்று இருந்தால் பெர்லின். அந்தக் கம்பெனி தொடங்கிய ஆண்டு 1857!

சேவலுக்கு ஒரு பெட்டி!

மாட்டுக்குக் காய் வெளியே தொங்குகிறது. சேவலுக்கு? முதுகெலும்பை ஒட்டி, உடம்புக்கு உள்ளே! கடைசி இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு சின்னத் துளை போட்டு, மொச்சை அளவு விதையை எடுக்க வேண்டும்!

அதற்காகவே பிலடெல்பியாவின் 'பில்லிங்' கம்பெனி ஒரு குட்டிப் பெட்டி விற்றது. விலாவை விரிக்கும் கம்பி, கத்தி, கொக்கி, கரண்டி, சுருக்கு. பழைய பொருள் கடையில் பார்த்தால் கண் அறுவைப் பெட்டி என்றே நினைப்பீர்கள்! விரிக்கும் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோழிதான்!

வாசித்தால் பன்றி நடுங்கும்!

இரும்பே இல்லாத காயடி கருவி ஒன்று உண்டு. ஊதுகுழல்! ஸ்பெயினின் கலீசியாவிலும் பிரான்சின் பெயார்ன் பகுதியிலும் பன்றிக்குக் காயடிப்பவர் ஊருக்குள் வரும்போது பல துளைக் குழல் ஒன்றை ஊதிக்கொண்டு வருவார். ஒரே மரத்துண்டில் குடைந்த குழல், சிலவற்றில் குதிரைத் தலைச் செதுக்கலும் உண்டு! இசைக்கருவிக் கடையில் பார்த்தால் சாணைக்காரர் குழல் என்பார்கள். சாணை பிடிப்பவரும் அதையேதான் ஊதினார்!

இங்கிலாந்தில் குழல் இல்லை, கொம்பு! பெண் பன்றிக்குக் கருவுறாதபடி அறுவை செய்பவர் கொம்பூதியபடி தெருவில் வந்தார். கொம்புச் சத்தம் கேட்டால் ஊருக்கே தெரியும் யார் வருகிறார் என்று!

ஆஸ்திரியாவில் லுங்காவ் என்ற மலைப் பகுதி. அங்கே இதுவே குலத்தொழில் மாதிரி! மூட்டை கட்டிக்கொண்டு ஹங்கேரி, பொஹீமியா வரை நடந்தே போனார்கள். நாடு நாடாகப் பன்றிக்குக் காயடிக்க!

கருவியே வேண்டாம், பல் போதும்! வட ஐரோப்பாவின் சாமி மக்கள் கலைமானைப் பல்லால் கடித்தே காயடித்தார்கள். தோல் கிழியாது, உள்ளே நசுங்கும்! அமெரிக்க மேற்கிலும் ஆட்டுக்குட்டிக்கு இதே பல்தான். 'டர்ட்டி ஜாப்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் மைக் ரோ கொலராடோவில் கேமரா முன்னால் இதைச் செய்தார். பிறகு 2008இல் மேடை ஏறி, ரப்பர் வளையம் போட்ட குட்டி வலியில் சுருண்டு கிடந்தது, பல்லால் செய்த குட்டி எழுந்து நடந்தது என்று சொன்னார்!

அந்த ரப்பர் வளையம் எங்கிருந்து வந்தது? நியூசிலாந்தின் பிளென்ஹைம் ஊரிலிருந்து! அதை மாட்டும் கருவி குறடு மாதிரிதான் இருக்கும், வாயில் நான்கு முளை. ஆனால் சாதாரணக் குறடு அழுத்தினால் மூடும், இது அழுத்தினால் திறக்கும்! திறந்து பாருங்கள், சின்ன ரப்பர் வளையம் சதுரமாக விரியும். பழைய கருவிக் குவியலில் இதைக் கண்டுபிடிக்க இந்த ஒரு சோதனை போதும்!

மலடாக்குவதில் வணிகத் தந்திரமும் உண்டு! 1838இல் துருக்கியிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு 12 அங்கோரா ஆட்டுக் கிடாக்கள் கப்பலில் வந்தன. பன்னிரண்டும் மலடு! மோஹேர் எனும் அந்த ஆட்டு முடியின் இரகசியம் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று அப்படி ஆக்கி அனுப்பியதாகச் சொல்வார்கள். ஆனால் கூட வந்த ஒரே ஒரு பெட்டை வழியிலேயே ஒரு கிடாக்குட்டியை ஈன்றுவிட்டது! தென்னாப்பிரிக்காவின் மோஹேர் தொழில் அந்த ஒரு குட்டியிலிருந்து தொடங்கியது!

ஒயின் ஊரில் பிறந்த ராஜா!

இப்போது கருவிகளின் ராஜாவுக்கு வருவோம். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், 'பர்டிசோ' என்பார்கள். அது ஒரு மனிதரின் பெயர்! நெப்போலியோனே பர்டிசோ! இத்தாலிய மருத்துவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார்.

ஊர் லா மோரா. பீட்மான்ட் மலைச்சரிவு. உலகப் புகழ்பெற்ற பரோலோ ஒயின் விளையும் ஊர்! ஒயின் ஊரின் இரும்பு, காங்கயம் காளை வரை வந்துவிட்டது!

இதன் வாயைப் பாருங்கள். கூரே இல்லை! அகலம், மொண்ணை, தட்டை. இரும்புக் கம்பி வெட்டும் கருவி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடுவே இரட்டை மூட்டு இருப்பதால் கை கொடுக்கும் பலம் பல மடங்காகிறது. தோல் கிழியாது. ஒரு சொட்டு இரத்தம் வராது. உள்ளே இருக்கும் நாளம் மட்டும் நசுங்கிவிடும்! சில வாரத்தில் விதை தானாகச் சுருங்கிப் போகும்.

இரத்தம் இல்லையென்றால் ஈ இல்லை. ஈ இல்லையென்றால் புழு இல்லை! வெயில் நாட்டு மாடுகளுக்கு இதைவிடப் பெரிய வரம் உண்டா?

வாயோரத்தில் சின்னதாக ஒரு தடுப்பு நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது எதற்கு? நாளம் வழுக்கி வெளியே ஓடிவிடாமல் மறிக்க! ஒரு கைப்பிடியில் வளைவு எதற்கு? முழங்காலில் ஊன்றி அழுத்த! இந்த இரண்டும் இருந்தால் பர்டிசோதான், சத்தியமாகச் சொல்லலாம்!

இரண்டு பக்கத்தையும் ஒரே நெருக்கில் நெருக்கக் கூடாது. இடம் தனி, வலம் தனி. நடுவே ஒரு பட்டைத் தோலை நசுக்காமல் விட வேண்டும். விட்டால்தான் பைக்கு இரத்தம் போகும்! அந்த ஒரு விரல் அகலத்தில் இருக்கிறது மாட்டின் நலம்!

அளவைப் பார்த்தே எந்த விலங்குக்கு என்று சொல்லிவிடலாம். 9 அங்குலம் என்றால் ஆட்டுக்குட்டி. 19 அங்குலம் என்றால் வளர்ந்த காளை! உங்கள் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம்!

இன்னொரு சங்கதி. காயடித்த மாடு குட்டையாகும் என்றுதானே நினைத்தீர்கள்? உயரமாகும்! எலும்பு முனைகள் ஒட்டிக்கொள்ளத் தாமதமாவதால் கால் எலும்பு இன்னும் நீள்கிறது. புதைபொருள் ஆய்வாளர்கள் எலும்பின் நீளத்தையும் பருமனையும் அளந்தே, இது எருது, இது பொலிகாளை என்று பிரிக்கிறார்கள். கருவி மக்கிப் போனாலும் எலும்பு காட்டிக்கொடுத்துவிடும்!

உங்கள் வீட்டுப் பரணிலோ மாட்டுக்கொட்டகை மூலையிலோ தாத்தா காலத்து இரும்பு ஒன்று கிடக்கிறதா? பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்! எண்ணெய் விட்டுத் துடையுங்கள். கைப்பிடியில் எழுத்து தெரிகிறதா பாருங்கள். 'லா மோரா' என்று இருந்தால் அசல் இத்தாலி. இதே அச்சில் பாகிஸ்தானின் சியால்கோட் பட்டறைகளில் செய்தவையும் ஏராளம் உண்டு.

பிறகு இந்தச் சோதனை செய்யுங்கள். இரண்டு கனத்த தாள்களுக்கு நடுவே ஒரு நூலை வையுங்கள். கருவியின் வாயில் கொடுத்து முழுதாக மூடுங்கள். நூல் அறுந்து தாள் கிழியாமல் வந்தால், உங்கள் தாத்தாவின் பர்டிசோ இன்றைக்கும் வேலை செய்கிறது!